சுடர்விழிக்காகப் பழைய போன்கள்

பெட்டியில் ஒட்டியிருந்த படத்தில் சுடர்விழிக்கு இரட்டைச் சடை இருந்தது. மூன்றாம் வகுப்பு ஆண்டு விழாவில் எடுத்த படம். அதை ஒட்டிய சமயத்தில் அவள் தலையில் ஒரு முடி கிடையாது. பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டின் ஜன்னலோரக் கட்டிலில், பூப்போட்ட துணியைத் தலையில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "நல்ல போட்டோவா ஒட்டும்மா. மொட்டத் தலையோட ஒட்டுனா எல்லாரும் பாவம் பாப்பாங்க" என்று சொன்னது அவள்தான். அதனால் மேனகா அந்தப் படத்தையே எடுத்துக் கொடுத்தாள்.

ரத்தப் புற்றுநோய். முதல் தடவை மருந்துக்கு அடங்கியது. ஒரு வருஷம் பள்ளிக்கூடம்கூடப் போய் வந்தாள். பிறகு சொல்லாமல் கொள்ளாமல் திரும்பி வந்துவிட்டது. இனி மஜ்ஜை மாற்றுவதுதான் வழி, அதற்குச் சென்னைக்குப் போக வேண்டும் என்றார்கள் டாக்டர்கள். அரசாங்கக் காப்பீடு போக மீதியைக் குடும்பம்தான் புரட்ட வேண்டும். மேனகா தட்டாஞ்சாவடியில் ஒரு சோப்புக் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்தவள். மகளோடு ஆஸ்பத்திரியில் தங்க வேண்டியிருந்ததால் அந்த வேலையும் போயிற்று. புருஷன் சிலம்பரசன் சொந்தமாக ஒரு குட்டியானை வண்டி வைத்து லோடு அடித்துக்கொண்டிருந்தான். வண்டியை விற்றான். விற்ற வண்டிக்கே கூலி டிரைவராகச் சேர்ந்தான். அப்படியும் பாதிக் கிணறுகூடத் தாண்டவில்லை.

உண்டியல் எடுத்துக்கொண்டு கடை கடையாக ஏறலாம் என்று அவன் கூட்டாளிகள் சொன்னபோது மேனகா முடியவே முடியாது என்றுவிட்டாள். அவளுக்கு யாரிடமும் கைநீட்டிப் பழக்கமில்லை. அப்போது வழி சொன்னவள் கனீஸ் பாத்திமா. சாரம் பகுதியில் அவர்கள் குடியிருந்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரி. அவள் புருஷன் ஹாஜா பாய் தெருமுனையில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருந்தார்.

"காசு கேக்க வேணாம் மேனகா. ஒவ்வொரு வீட்லயும் டிராயர்ல ரெண்டு மூணு செத்த போனு கெடக்குது. தூக்கிப் போடவும் மனசு வராது, வெச்சிக்கினு ஒண்ணும் பண்ணவும் முடியாது. அத கேப்போம். சும்மா கெடக்கறத கேக்கறதுல என்னா வெக்கம்?"

சரியாகக்கூடிய போன்களை ஹாஜா பாய் சரிசெய்து செகண்ட் ஹேண்டில் விற்பது, ஆகாததை எல்லாம் மூட்டை கட்டிச் சென்னையில் பழைய எலக்ட்ரானிக் சாமான் எடுக்கும் கம்பெனிக்கு எடைக்குப் போடுவது என்று ஏற்பாடாயிற்று. "உள்ள இருக்கற போர்டுல துளியூண்டு தங்கம் இருக்குதும்மா. ஒண்ணுல ஒண்ணுந் தெரியாது. மூட்டையா சேந்தா தெரியும்" என்றார் அவர்.

அட்டைப்பெட்டிகள் ஊரெல்லாம் போயின. பெரிய மார்க்கெட் பக்கம் ஒரு ஜவுளிக்கடை, முத்தியால்பேட்டையில் ஒரு மருந்துக்கடை, லாஸ்பேட்டையில் ஒரு காலேஜ், இரண்டு மூன்று பள்ளிக்கூடங்கள், மிஷன் வீதிப் பக்கம் லூர்துசாமியின் பேக்கரி. காலேஜ் பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் போட்டார்கள். அவ்வளவுதான், போன்கள் வந்து குவியத் தொடங்கின. எண்கள் அழிந்துபோன பட்டன் போன்கள், கண்ணாடி நொறுங்கியவை, மழைத் தண்ணீரில் விழுந்தவை, பேட்டரி உப்பி முதுகு திறந்துகொண்டவை. போனோடு சேர்த்துக் காசும் போட்டார்கள். சிலர் நல்ல போனையே போட்டார்கள்.

வார்டுக்குள் அழுக்குச் சாமான் எதுவும் போகக் கூடாது. இருந்தாலும் சுடர்விழி அடம்பிடித்ததால் ஹாஜா பாய் இரண்டு பட்டன் போன்களை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, பிளாஸ்டிக் பையில் போட்டு அனுப்பினார். ஒன்று அவளுக்கு, இன்னொன்று பக்கத்துக் கட்டில் கோபிநாத்துக்கு. கோபி பிள்ளைச்சாவடிப் பையன், அவளைவிட ஒரு வயது சின்னவன், அவனுக்கும் இதே நோய். அவன் அம்மா சின்னப்பாப்பா மீன் விற்பவள். உயிரில்லாத அந்தப் போன்களை வைத்துக்கொண்டு இரண்டும் கட்டிலுக்குக் கட்டில் மணிக்கணக்காகப் பேசும்.

"ஹலோ, யாரு பேசறது?"

"நான் கலெக்டர் பேசறேன். நீ சாப்ட்டியா?"

"இட்லி புடிக்கல சார்."

"புடிக்கலன்னா ஜெயில்தான்."

மருந்து ஏறிக் குமட்டிக்கொண்டு கிடக்கும் நாளிலும் கோபி போனைக் காதில் வைத்தால் சுடர்விழி எழுந்து உட்கார்ந்துவிடுவாள். இரண்டு அம்மாக்களும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள். சின்னப்பாப்பா மருந்து வாங்கப் போனால் கோபிக்கு ஊட்டிவிடுவது மேனகாதான். அவன் அவளை அத்தை என்று கூப்பிட்டான்.

தீபாவளி கழிந்ததும் சென்னைக்குப் போகலாம் என்று நாள் குறித்தார்கள். ஐப்பசி மழை விடாமல் பெய்த ஒரு வாரத்தில் சுடர்விழிக்குக் காய்ச்சல் கண்டது. முதலில் சாதாரணக் காய்ச்சல் மாதிரிதான் இருந்தது. பிறகு நெஞ்சில் இறங்கியது. கீழ்த்தளத்தில் இருந்த தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். ஒரு மத்தியான நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

கருவடிக்குப்பம் இடுகாட்டில் மழைச் சேற்றில் குழி தோண்டி அடக்கம் செய்தார்கள். சிலம்பரசனைக் கூட்டாளிகள் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டார்கள். மேனகாவை கனீஸ் பாத்திமா தன் வீட்டிலேயே வைத்துக் கஞ்சி கொடுத்தாள். அந்த நாட்களில் மேனகா அழவில்லை. அழுகை எங்கேயோ சிக்கிக்கொண்டு நின்றது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஹாஜா பாய் தயங்கித் தயங்கிச் சொன்னார். "கிட்டக்க இருந்த பெட்டியெல்லாம் நான் எடுத்தாந்துட்டேன். தூரத்துல இருக்கறது கொஞ்சம் பாக்கி. கடைய மூடிட்டு ஒருநாள் போயி எடுத்துட்டு வந்துடறேன்."

"வேணாம் பாய். எம்பொண்ணு போட்டோ. நானே போயி எடுத்துக்கறேன்" என்றாள் மேனகா.

அப்படித்தான் அவள் முதலில் லூர்துசாமியின் பேக்கரிக்குப் போனாள். பெட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவள் மனதில் வேறு எண்ணமில்லை. லூர்துசாமிக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். பிரெஞ்சு பட்டாளத்தில் சிப்பாயாக இருந்த சொல்தா வீட்டுப் பிள்ளை, யாரையும் உட்காரச் சொல்லிவிட்டுத்தான் பேசத் தொடங்குவார். பெட்டியில் இருக்கும் பாப்பாவின் அம்மா என்று அவள் சொன்னதும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"வாம்மா. பெட்டி ரொம்பிப் போச்சு, பாரு. பாப்பா எப்டி இருக்குது?"

மேனகா வாயைத் திறந்தாள். வந்த சொல் அவள் நினைத்த சொல் இல்லை.

"நல்லா இருக்கா."

"சென்னைக்குப் போயாச்சா?"

"போயாச்சு. அவங்கப்பா கூட இருக்காரு."

"மெர்சி, மெர்சி" என்று பிரெஞ்சில் கடவுளுக்கு நன்றி சொன்னார். "கடவுள் காப்பாத்துவாரு" என்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். ஒரு கேக்கைக் காகிதத்தில் சுற்றிப் பாப்பாவுக்கு என்று கொடுத்தார். மேனகா பெட்டியில் இருந்த போன்களைப் பையில் கொட்டிக்கொண்டு, காலிப் பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வெளியே வந்தாள். வெயில் அடித்தது. கடற்கரைப் பக்கமிருந்து காற்று வந்தது. அந்தக் காற்றை அவள் இழுத்து மூச்சு விட்டாள். மகள் போன பிறகு நெஞ்சு நிறைய மூச்சு விட்டது அன்றைக்குத்தான்.

அதன் பிறகு அவளால் நிறுத்த முடியவில்லை. சாரத்தில் எல்லோருக்கும் தெரியும். வீட்டு வாசலில் இறங்கினாலே பார்வையில் துக்கம் விசாரிப்பார்கள். ஆனால் பஸ் ஏறி முத்தியால்பேட்டையிலோ லாஸ்பேட்டையிலோ இறங்கிவிட்டால், அங்கே சுடர்விழி உயிரோடு இருந்தாள். மருந்துக்கடைக்காரர் கேட்பார், இவள் சொல்வாள். "நேத்து தோசை கேட்டா." "முடி லேசா மொளைக்குது." "டாக்டர் சிரிச்ச மூஞ்சின்னு சொல்றாராம்." சொல்லச் சொல்ல அந்தப் பெண் சென்னையில் வளர்ந்தாள். மேனகா தினமும் குளித்து, நல்ல புடவை உடுத்தி, பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கொண்டுவந்த போன்களைக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். ஹாஜா பாயிடம் கொடுக்கவில்லை. கொடுத்தால் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்.

மார்கழி பிறந்த சமயம், ஒருநாள் சாயங்காலம் சிலம்பரசன் வேலை முடிந்து வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான்.

"இன்னிக்கு மிஷன் வீதிப் பக்கம் மைதா மூட்டை எறக்கப் போனேன்" என்றான். "நாந்தான பெட்டி கொண்டாந்து வெச்சேன், அந்த பேக்கரிக்காரரு என்னை அடையாளம் கண்டுக்கினாரு. எப்ப சென்னையிலேர்ந்து வந்தீங்க, பாப்பாவ எப்ப கூட்டினு வருவீங்கன்னு கேட்டாரு."

மேனகா குழம்புச் சட்டியைப் பிடித்தபடி நின்றாள். கத்துவான், சட்டியைத் தட்டிவிடுவான் என்று எதிர்பார்த்தாள்.

"நீங்க என்னா சொன்னீங்க?"

அவன் தலை நிமிரவில்லை.

"அடுத்த மாசம்னு சொன்னேன்."

சொல்லிவிட்டு அவன் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். மேனகா சட்டியைக் கீழே வைத்துவிட்டு அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். முதலில் அவன் தோள்தான் குலுங்கியது. பிறகு இவளுக்கும் உடைந்தது. மகள் போன பிறகு அவர்கள் ஒன்றாகச் சேர்ந்து அழுதது அன்றைக்குத்தான். அதற்குப் பிறகும் அவன் அவளைப் போகாதே என்று சொல்லவில்லை. பேக்கரியில் இன்னும் என்ன கேட்டார்கள் என்று சில நாள் அவனே விசாரித்தான்.

விஷயம் வெளிப்பட்டது ஒரு பள்ளிக்கூட டீச்சரால். சுடர்விழிக்கு வாழ்த்துச் சொல்லிப் பிள்ளைகள் எல்லாரும் வீடியோ எடுத்திருக்கிறார்கள், சென்னையில் எந்த நம்பருக்கு அனுப்ப வேண்டும் என்று அவர் ஹாஜா பாயின் கடைக்கே போன் செய்தார். ஹாஜா பாய் விசாரித்துச் சொல்வதாகப் போனை வைத்துவிட்டு மனைவியிடம் சொன்னார். கனீஸ் பாத்திமா அன்றைக்கே வந்தாள். வந்தவள் குனிந்து கட்டிலுக்கடியில் பார்த்தாள். பைபையாகப் போன்கள்.

"மேனகா, இது தப்புடி."

மேனகா பைகளை இன்னும் உள்ளே தள்ளினாள்.

"நீ சொல்றது எதுக்குன்னு எனக்குத் தெரியாதா? என் வவுத்துல பொறக்கலன்னாலும் அந்தப் புள்ளைய நானுந்தான் தூக்கி வளத்தேன். ஆனா இல்லாத புள்ளைக்குன்னு சொல்லி ஜனங்ககிட்ட வாங்கக் கூடாது. அது அவளுக்கே சேராது."

"அவளுக்கு இனிமே என்னா சேரணும்?"

"கோபி இருக்கான்" என்றாள் கனீஸ் மெதுவாக. "அவனுக்குப் பொங்கல் கழிச்சி சென்னையில தேதி குடுத்திருக்காங்களாம். அவங்கக்கா மஜ்ஜை ஒத்துப் போச்சாம். சின்னப்பாப்பா தாலி வரைக்கும் வித்துட்டா. சுடருக்கு சேந்த காசு எங்ககிட்ட அப்டியே கெடக்குது. ஒன்ன கேக்காம நாங்க தொட மாட்டோம். நீ ஒரு வார்த்தை சொன்னா போதும்."

மேனகாவின் முகம் மாறியது.

"அவன் பொழைச்சிக்கணும். எம்பொண்ணு காசுல. அப்டித்தான?"

"அப்டி சொல்லாதடி."

"வேற எப்டி சொல்றது? ஒரே வார்டு, ஒரே மருந்து. அவன் கட்டில்ல அவன் இருக்கான். எம்புள்ள மண்ணுக்குள்ள இருக்கா. இப்ப அவளுக்கு சேந்ததையும் தூக்கிக் குடுக்கணுமா? போக்கா. போயிடு."

கனீஸ் பாத்திமா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போனாள். சொன்ன சொல்லின் கசப்பு மேனகாவின் நாக்கிலேயே நின்றது. தன் கையால் இட்லி ஊட்டிய பிள்ளை. அவன் இருக்கிறான் என்பதே தாங்க முடியாமல் போகும் என்று அவள் நினைத்ததில்லை. தன்னைப் பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

இரண்டு நாள் வெளியே போகவில்லை. மூன்றாம் நாள் மனம் கேட்காமல் பேக்கரிக்குப் போனாள்.

பெட்டியில் புதுப் படம் இருந்தது. பழையது வெயிலில் வெளுத்துவிட்டதால் லூர்துசாமி அதைக் கொண்டுபோய்ப் பெரிதாக்கிப் பளபளவென்று அச்சடித்து ஒட்டியிருந்தார். இரட்டைச் சடை, ஒரு பல் விழுந்த சிரிப்பு.

"நல்லா வந்துருக்குதா?" என்று கேட்டுக்கொண்டே லூர்துசாமி உள்ளேயிருந்து வந்தார். "என் பொஞ்சாதிதான் சொன்னா, பாப்பா வந்து பாத்தா சந்தோஷப்படும்னு. அவ ஒரு வேண்டுதல் வெச்சிருக்கா, ஒங்கிட்ட சொல்லக் கூடாதுன்னா. சொல்லிடறேன். வில்லியனூர் மாதா கோயிலுக்கு இங்கேர்ந்து நடந்தே வர்றதா நேந்துக்கினு இருக்கா. அவளுக்கு முட்டி வலி, மாடிப்படியே ஏற மாட்டா. வேணான்னாலும் கேக்கல. அதுக்காக தெனம் காலைல கொஞ்ச தூரம் நடந்து பழகறா."

மேனகா நாற்காலியின் முதுகைப் பிடித்தாள்.

"வேணாங்க."

"என்னாம்மா?"

"அவங்கள நடக்க வேணான்னு சொல்லுங்க. எம்பொண்ணு செத்துட்டா."

அந்தச் சொல்லை அவள் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. போயிட்டா என்று மற்றவர்கள் சொல்லியிருக்கிறார்கள், தவறிடுச்சு என்று சொல்லியிருக்கிறார்கள். தன் வாயால் சொன்னதும் கடையில் இருந்த ரொட்டி, கண்ணாடி அலமாரி, தெருவில் போன ஆட்டோ எல்லாம் ஒரு கணம் அசையாமல் நின்றதுபோல் இருந்தது.

"என்னிக்கி?" என்றார் லூர்துசாமி.

"ஐப்பசியில. நான் மொத மொத ஒங்க கடைக்கு வந்தேனே, அதுக்கு முன்னாலயே. ஒங்ககிட்ட பொய் சொன்னேன். எல்லார்கிட்டயும் சொன்னேன். நீங்க எப்டி இருக்குதுன்னு கேட்டீங்களா, எனக்கு..."

லூர்துசாமி கோபித்துக்கொள்ளவில்லை. உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பிறகு பெட்டிக்குப் பக்கத்தில் குனிந்து, புதுப் படத்தை ஓரம் கிழியாமல் நகத்தால் நெருடி நெருடிப் பிரித்தெடுத்து அவள் கையில் வைத்தார். எடுத்து முடிக்கும்போது அவருக்கும் மூக்கு சிவந்திருந்தது.

"பெட்டிய என்னாம்மா பண்றது? எடுத்துடட்டுமா?"

மேனகா படத்தைப் பார்த்தபடி நின்றாள்.

"இருக்கட்டுங்க" என்றாள். "இன்னொரு புள்ள இருக்கான். அவனுக்கு வேணும்."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே தெரிந்தது. அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை.

அன்றைக்கும் மறுநாளும் அவள் எல்லாக் கடைகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் போய் உண்மையைச் சொன்னாள். மருந்துக்கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், அவர் மனைவி இரண்டு வார்த்தை கடுமையாகவே கேட்டாள். மேனகா நின்று கேட்டுக்கொண்டாள். டீச்சர் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். சாயங்காலம் கட்டிலுக்கடியில் இருந்த பைகளை எல்லாம் இழுத்து, சிலம்பரசனும் அவளுமாகத் தூக்கிக்கொண்டு ஹாஜா பாயின் கடைக்குப் போனார்கள். கனீஸ் பாத்திமா டீ போட்டுக் கொடுத்தாள்.

"சுடருக்கு சேந்த காசெல்லாம் சின்னப்பாப்பாகிட்ட நீங்களே குடுத்துடுங்கக்கா. நான் வார்டுக்கு வரல" என்றாள் மேனகா.

ஆனால் சின்னப்பாப்பா அவளைத் தேடி வந்துவிட்டாள். பொங்கலுக்கு அடுத்த வாரம், மீன் கூடையைக் கீழே வைத்துவிட்டு, வாசலிலேயே மேனகாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மேனகாவுக்குக் கூச்சமாக இருந்தது. உள்ளே கூப்பிட்டாள்.

"ஒங்கிட்ட இன்னொன்னு கேக்கணும் மேனகா. கேக்க வாய் வரல" என்றாள் சின்னப்பாப்பா. "அவன் சென்னைக்கு வர மாட்டேங்கறான். கண்ணாடி ரூம்ல தனியா போட்டுடுவாங்கன்னு எவனோ சொல்லிட்டான். ஒரே அழுகை. வேற வழியில்லாம நான் சொல்லிட்டேன், சுடரு அங்கதான் இருக்கா, ஒனக்கு முன்னாலயே போயிட்டான்னு. அன்னிலேர்ந்து அவ எங்கன்னு கேட்டா அதான் சொல்றேன். இப்ப ஒன்ன பாக்கணுமாம். அத்தை வந்து சொன்னாதான் நம்புவேன்றான்."

மேனகா சுவரில் சாய்ந்துகொண்டாள். ஊரெல்லாம் நடந்து அந்தப் பொய்யைத் திருப்பி வாங்கிவிட்டு வந்திருக்கிறாள். இனிச் சொல்ல மாட்டேன் என்று மகள் படத்துக்கு முன்னால் சத்தியம் செய்திருக்கிறாள்.

"முடியாதுன்னா சொல்லிடு. நான் கோச்சிக்க மாட்டேன்" என்றாள் சின்னப்பாப்பா.

"எப்ப கெளம்பறீங்க?"

"நாளைக்கு."

மறுநாள் காலை மேனகா வார்டுக்குப் போனாள். கனீஸ் பாத்திமா கூடவே வந்தாள். அதே டெட்டால் வாசனை, அதே கிறீச்சிடும் கதவு. ஜன்னலோரக் கட்டிலில் வேறொரு சின்னக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. மேனகா அந்தப் பக்கம் பார்க்காமல் கோபியின் கட்டிலுக்குப் போனாள். அவன் இளைத்துக் கண்கள் மட்டும் பெரிதாக இருந்தான். அவளைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்தான்.

"அத்தை! சுடரு சென்னையிலயா இருக்கா?"

பேக்கரியில் அந்தப் பொய் தானாக வந்தது. இப்போது ஒவ்வொரு எழுத்தாகப் பிடுங்கி எடுக்க வேண்டியிருந்தது.

"ஆமாண்டா கண்ணு."

"அவளுக்கு அங்க பயமா இல்லியா?"

"இல்ல. அவளுக்கு இப்ப எந்த பயமும் இல்ல."

"வலி?"

"வலியும் இல்ல."

அவன் அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். "அப்ப நான் போறேன்" என்றான். "நான் வர்றேன்னு அவகிட்ட சொல்லுங்க."

மேனகா சரி என்று தலையாட்டினாள். அவன் கன்னத்தைத் தொட்டுவிட்டு வெளியே வந்து, படிக்கட்டு வரைக்கும் நடந்தாள். அங்கே போய்க் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கனீஸ் பாத்திமா அவள் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் ஒதுங்கிப் போனார்கள்.

சென்னையில் கோபிக்கு மஜ்ஜை மாற்றினார்கள். நடுவில் இரண்டு முறை நிலைமை மோசமானது, தேறினான். ஹாஜா பாய் போன் சேகரிப்பதை நிறுத்தவில்லை. அவனுக்கு அடுத்து யாருக்காவது வேண்டியிருக்கும் என்றார். மேனகா மறுபடி சோப்புக் கம்பெனியில் சேர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஹாஜா பாயின் கடையில் உட்கார்ந்து வந்த போன்களைத் துடைத்துப் பிரித்துப் போட்டாள். பெட்டிகளில் இப்போது எந்தப் பிள்ளையின் படமும் இல்லை. அது அவள் கேட்டுக்கொண்டது.

ஆடி மாசத்தில் ஒருநாள் சின்னப்பாப்பா கோபியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். முகக்கவசம் போட்டிருந்தான். உயரமாகியிருந்தான். வீட்டுக்குள் வந்ததும் சுவரில் மாலை போட்டிருந்த படத்தை ஒருமுறை பார்த்தான். மேனகாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன் வரப்போவது தெரிந்திருந்தால் படத்தைக் கழற்றி வைத்திருப்பாள். சின்னப்பாப்பா பதறி அவள் கண்ணைப் பார்த்தாள். ஆனால் கோபி வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்தான்.

சின்னப்பாப்பா பக்கத்து வீட்டுக்குக் கனீஸ் பாத்திமாவைப் பார்க்கப் போன பிறகு, அவன் முகக்கவசத்தை இறக்கிக்கொண்டு மெல்லச் சொன்னான்.

"எனக்குத் தெரியும் அத்தை."

மேனகா அவன் முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"அங்க போன ஒடனே நர்ஸக்காகிட்ட கேட்டேன். அப்டி யாரும் இங்க வரவே இல்லன்னாங்க. அப்பவே தெரிஞ்சிச்சு."

"அம்மாகிட்ட கேக்கலியா?"

"இல்ல. தெனம் அதுவே வந்து, சுடரு மேல் மாடியில இருக்கா, நீ நல்லானதும் பாக்கலாம்னு சொல்லும். சரின்னுடுவேன். எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அது அழும்."

"எங்கிட்ட கோவமாடா?"

அவன் இல்லை என்று தலையசைத்தான். சுவர்ப் பக்கம் பார்த்தபடி கேட்டான். "அவ செத்தப்ப நான் எங்க இருந்தேன்?"

"நீ மேல வார்டுல இருந்த. சாப்ட்டுட்டுத் தூங்கிக்கினு இருந்த. அவ கீழ இருந்தா. மத்தியானம். வெளிய மழை. நானும் மாமாவும் ரெண்டு பக்கமும் இருந்தோம். அவளும் தூக்கத்துலதான் இருந்தா. மூச்சு மட்டும் மெதுவா, மெதுவா..."

அந்த மத்தியானத்தைப் பற்றி அவள் யாரிடமும் பேசியதில்லை. சிலம்பரசனிடம்கூட இல்லை. இப்போது மகளின் கையைப் பிடித்திருந்தது, அது குளிர்ந்தது, நர்ஸ் வந்து ஒவ்வொரு குழாயாகக் கழற்றியது எல்லாவற்றையும் அந்தப் பிள்ளையிடம் சொன்னாள். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். ஒருமுறை மூக்கை உறிஞ்சினான், அவ்வளவுதான். வாசலில் சின்னப்பாப்பாவின் குரல் கேட்டதும் முகக்கவசத்தை மேலே இழுத்துவிட்டுக்கொண்டான். மேனகாவும் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"என்னா பேசிக்கினு இருக்கீங்க ரெண்டு பேரும்?" என்றபடி சின்னப்பாப்பா உள்ளே வந்தாள்.

"ஒண்ணுமில்லக்கா, பள்ளிக்கூடம் எப்ப போவணும்னு கேட்டுக்கினு இருந்தேன்" என்றாள் மேனகா.

"அடுத்த வருஷந்தான் போகலாம்னாங்க" என்றாள் சின்னப்பாப்பா. கோபி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார்கள். வாசல் வரைக்கும் வந்த மேனகா, வெயிலில் போகாதே, ஓரமாகப் போ என்று அவனுக்குச் சொன்னாள். அவன் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினான். அவர்கள் போன பிறகு அவள் அடுப்பைப் பற்றவைத்து உலை வைத்தாள். அன்றைக்கும் அரிசியை மூன்று பேருக்கு அளந்து போட்டுவிட்டாள்.